ஒரு கற்குவியலும் இரண்டு பெயர்களும்

மஸ்கெலியாப் பக்கத்துப் பங்கு ஒன்றின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புதிய ஏடுகளில் பிரதி செய்து, அவற்றில் வரும் தோட்டம், பிரிவு, லயம், மலை, ஆறு ஆகியவற்றின் பெயர்களையெல்லாம் ஓர் அட்டவணையாகத் தொகுத்துத் தரும்படி பங்குத்தந்தை என்னைக் கேட்டுக்கொண்டபோது, ஏறக்குறைய நாற்பது ஆண்டுக் காலம் கரும்பலகையின் முன்னே நின்று பிள்ளைகளின் எழுத்துப் பிழைகளைத் திருத்தியே பழகிப்போன எனக்கு, அது மூன்று மாதத்தில் முடித்துவிடக்கூடிய இலகுவான காரியமென்றே தோன்றிற்று. இரண்டு மழைக்காலங்கள் கழிந்துவிட்டன. அட்டவணை இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் என் சோம்பல் அன்று. பெயர் என்பது யாருக்கு உரியது என்ற கேள்வி நடுவழியில் குறுக்கிட்டு, அதற்கு விடை காணாமல் மேலே ஒரு வரியும் எழுதவொட்டாமல் என்னைத் தடுத்துவிட்டது.

ஏடுகளைச் சற்று வர்ணிக்க வேண்டும். மலைநாட்டு ஈரத்தில் ஓரங்கள் கறுத்து, மை பழுப்பேறி, ஏடு திறந்தவுடன் பாசியும் மெழுகுதிரியும் கலந்த ஒரு வாசனை எழும்பும். பழைய பாகங்கள் லத்தீனில் எழுதப்பட்டவை. தோட்டத்து லயத்திலிருந்து குழந்தையைத் துணியில் பொதிந்துகொண்டு வந்த தகப்பன் தன் வாய்க்கு வந்தபடி சொன்ன ஸ்காட்லாந்துப் பெயரை, தமிழை அரைகுறையாகக் கேட்டறிந்த ஐரோப்பியக் குருவானவர், தம் காதுக்கு எட்டியபடி லத்தீன் எழுத்தில் பொறித்திருக்கிறார். பிற்காலத்துப் பாகங்கள் தமிழில் உள்ளன. ஆனால் அவற்றிலும் எழுதிய கைகள் பல. சிவனொளிபாத மலையின் அடிவாரத்துக்குப் போகும் வழியிலுள்ள ஒரே தோட்டம் ஓரிடத்தில் ‘மொரே’ என்றும், ஓரிடத்தில் ‘மோரே’ என்றும், இன்னோரிடத்தில் ‘மரே’ என்றும், வல்லின றகரத்தோடு ‘மறே’ என்றும் காணப்படுகிறது. “மாஸ்டர், இதில் எது சரியோ அதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடுங்கள்” என்றார் பங்குத்தந்தை. நியாயமான வேண்டுகோள். நான் சிவப்பு மைப் பேனாவைக் கையிலெடுத்தேன். ‘மரே’ என்பதன்மேல் கோடு இழுக்கப் போனேன்.

அந்தக் கோட்டை இழுக்காமல் என்னைக் காப்பாற்றியது ஓர் எளிய தகவல். மொரே என்று ஆங்கில எழுத்தைப் பார்த்து நாம் வாசிக்கும் அப்பெயர், ஸ்காட்லாந்தின் வடபகுதியிலுள்ள ஒரு பிரதேசத்தின் பெயர். அந்தப் பிரதேசத்து ஜனங்களோ அதை மொரே என்று உச்சரிப்பதில்லை. ‘மரி’ என்பதற்கு வெகு சமீபமான ஓசையோடுதான் உச்சரிக்கிறார்கள். ஆகவே, எழுத்தறியாத கொழுந்துக்காரப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ‘மரே’ என்று சொல்லி வந்தது, முதல் துரையின் வாயிலிருந்து கேட்ட ஓசையைப் பிசகாமல் காத்து வைத்த சிரத்தையாகவே இருக்க வேண்டும். எழுத்துக் கற்ற நாங்கள்தான் எழுத்தை நம்பிக் காதைக் கைவிட்டோம். நான் எத்தனை பிள்ளைகளின் கொப்பியில் இந்தச் சொல்லைத் தவறாகத் திருத்தியிருப்பேன் என்பதை எண்ணும்போது மனம் கூசுகிறது.

ஆனால், சற்று நிதானித்து யோசித்தால், இந்தத் தகவலும் கேள்வியைத் தீர்ப்பதில்லை. ஸ்காட்லாந்துக்காரர் உச்சரிப்பதுதான் சரியென்றால், நம் மலையிலுள்ள ஓர் இடத்தின் பெயருக்கு நியாயம் சொல்லும் அதிகாரம் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள வேறோர் இடத்துக்கு ஏன் போகவேண்டும்?

சொல்லுக்கும் பொருளுக்குமுள்ள சம்பந்தத்தைப் பற்றி நம் முன்னோர் விசாரித்ததுபோல வேறெவரும் விசாரித்திருப்பார்களோ என்பது ஐயமே. அந்தச் சம்பந்தம் நித்தியமானது, எவராலும் செய்யப்படாதது என்று மீமாம்சகர் வாதித்தனர். எனினும் அவர்கள் மனத்தில் கொண்டது பசு, குடம் போன்ற பொதுச் சொற்களையே. தகப்பன் மகனுக்கு இடும் பெயர் மனிதர் செய்யும் ஏற்பாடென்பதை அவர்களும் மறுக்கவில்லை. இந்தச் சொல் இந்தப் பொருளை உணர்த்துக என்னும் இச்சையே சங்கேதம் என்றும், அந்த இச்சை ஆதியில் ஈசுவரனுடையது என்றும் நையாயிகர் கூறினர். நன்னூலாரோ இடுகுறியென்றும் காரணமென்றும் பெயர்களைப் பகுத்துவைத்தார். இந்தத் தருக்கங்களையெல்லாம் கல்லூரி நாளில் பரீட்சைக்காகப் படித்தபோது அவை வெறும் வார்த்தைப் பந்தாட்டமாகத் தோன்றின. பதிவேட்டின் முன்னே உட்கார்ந்தபோதுதான் அவற்றின் கூர்மை தைத்தது. இந்தச் சொல் இந்த இடத்தைக் குறிக்கட்டும் என்ற இச்சை, மரேத் தோட்டத்தில், யாருடைய இச்சை?

முதலில் துரையின் இச்சையைப் பார்ப்போம். காடழித்துக் கோப்பி நட்டவர்களும், 1869ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தபின் தேயிலைக்கு மாறியவர்களும் பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர். தாம் விட்டுவந்த ஊர், ஆறு, கோட்டை, அரண்மனை ஆகியவற்றின் பெயர்களை அவர்கள் இந்த மலைகளின்மேல் கவிழ்த்தனர். பால்மோரல், ஹோலிரூட், எடின்பரோ என்று அவர்களுடைய தேசமே இங்கே சிதறிக் கிடக்கிறது. பூண்டுலோயாவிலுள்ள டன்சினன் தோட்டத்தின் பெயர், ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் வரும் ஒரு குன்றின் பெயர். அர்ச்சியசிஷ்டவர்களின் பெயரும் உண்டு: தலவாக்கலைக்கருகில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் சென்கூம்ஸ், அதற்கு அயலிலுள்ள சென்கிளேயர் ஆகியவற்றில் ‘சென்’ என்பது புனிதர் என்னும் அடைமொழியின் தேய்வு என்பதை, அந்தத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கரிலும் அநேகர் அறியார். வீட்டு ஏக்கத்தினால் இடப்பட்ட பெயர்கள் இவை. அந்த ஏக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். கடல் கடந்து வந்தவன் நெஞ்சு அப்படித்தான் செய்யும். நம்மவருக்கும் அதே ஏக்கம் இருந்தது. ஆனால் அவர்கள் தம் ஏக்கத்தை வேறு விதமாகக் காட்டினார்கள்: தோட்டத்துக்கு ஊர்ப்பெயர் இடாமல், ‘ஊர்’ என்ற சொல்லையே இந்தியாவுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். என் பாட்டியின் காலத்தில் ‘ஊருக்குப் போகிறது’ என்றால் துறையூருக்கோ முசிறிக்கோ போகிறதென்றுதான் பொருள். அயலிலுள்ள சிங்களக் கிராமம் ‘நாடு’. தாம் பிறந்து, உழைத்து, பிள்ளை பெற்று, மண்ணாகிப் போன இடமோ வெறும் ‘தோட்டம்’.

துரையின் பெயருக்கும் கீழே, அதைவிட மிகப் பழமையான சிங்களப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை மறைத்துவிட்டு இந்த விஷயத்தைப் பேசுவது அசத்தியம். தலாவை என்றால் புல்வெளி, பத்தனை என்பதும் அதுபோன்ற புல்நிலமே. ஓயா என்றால் ஆறு. கல என்றால் பாறை. பொகவந்தலாவை என்பதற்குப் பகவானின் புல்வெளி என்று பொருள் சொல்லுவார்கள். இச்சொற்கள் தமிழ்க் காதில் விழுந்தபோது தமிழ்ச் சொற்களின் சாயலை ஏற்றன. தலவாக்கலையைத் தலவாக்கொல்லை என்றும் எழுதுவோர் உண்டு. புன்செய் நிலத்தைக் கொல்லை என்று அழைத்துப் பழகிய நாவுக்கு அந்த முடிவு இயல்பாய் வந்து பொருந்திற்று. பூண்டுலோயாவில் பூண்டும், வட்டவளையில் வளையும் இவ்வாறே புகுந்தன. இறம்பொடையில் இராமன் தன் படையை நிறுத்தினான் என்று பக்தியோடு சொல்லுவோரை நான் அறிவேன். சீதாஎலியாவின் கோயில் இருக்கும் அதே மலைநாட்டில் வாழ்கிறவர்கள் அப்படிச் சொல்லுவதில் வியப்பில்லை. அந்தப் பக்தி எனக்கு மதிப்புக்குரியது. ஆயினும் அட்டவணையில் ‘பொருள்’ என்ற பத்தியில் அதை எழுதமாட்டேன். ‘வழங்கும் கதை’ என்ற பத்தியில் எழுதுவேன். அன்பினால் பிறந்த கதையையும் மொழியினால் பிறந்த வேரையும் ஒன்றாக்கிவிட்டால், அயலானுடைய பெயரைப் பறித்துக்கொண்ட பழி நம்மேல் வரும். நம்முடைய பெயர்கள் அவ்வாறு பறிபோனபோது பட்ட வேதனையை அறிந்த நாமே அதைச் செய்யலாகாது.

மூன்றாவது அடுக்காகத் தொழிலாளர் தாமே இட்ட பெயர்கள் உள்ளன. இவற்றை வெள்ளையரும் அறிந்திருந்தார்கள். பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்டுவந்த இலங்கைக் கைநூல்களில் தோட்டங்களின் ஆங்கிலப் பெயரோடு அவற்றின் தமிழ்ப் பெயர்களும் அச்சிடப்பட்டன. கரையிலிருந்து கால்நடையாக வந்தவர் தமிழ்ப் பெயரைச் சொல்லித்தான் வழி கேட்டார்களாதலால், அதைத் தெரிந்துகொள்ளுவது நிர்வாகத்துக்கு அவசியமாயிருந்தது. ஆனால் அவசியம் வேறு, சிரத்தை வேறு. 1834ஆம் ஆண்டிலேயே இலங்கையின் இடங்களை அகராதி முறையில் தொகுத்து நூலாக்கிய கற்பிட்டிச் சைமன் காசிச்செட்டியைப் போல, அல்லது 1946இல் ‘தமிழகம் ஊரும் பேரும்’ எழுதிய ரா. பி. சேதுப்பிள்ளையைப் போல, தோட்டங்களின் இந்தப் பெயர்களின்மேல் ஆசைவைத்துக் குனிந்து பார்த்தவர் மிகச் சிலரே. மத்திய மாகாணத்தின் ஊர்களை 1896, 1898ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாகத் தொகுத்த நீதிபதி லோரியின் பெருநூலும், கண்டிய கிராமங்களின் வரலாற்றுக்கே பெரிதும் உரியது. லயங்களின் பெயரை அதில் தேடிப் பயனில்லை.

சிவனொளிபாத மலைக்கு ஏறும் வடக்குப் பாதையின் அடிவாரத்துக்கு ஆங்கிலத்தில் டல்ஹவுசி என்று பெயர்: ஸ்காட்லாந்துக் கோட்டையொன்றின் பெயர், இந்தியாவை ஆண்ட கவர்னர் ஜெனரல் ஒருவரின் பட்டப்பெயரும் அதுவே. தமிழில் அதற்குப் பெயர் நல்லதண்ணி. குடிக்கத்தக்க நல்ல நீர் ஓடுகிற இடம், அவ்வளவுதான். இடுகுறியா காரணப்பெயரா என்று கேட்க வேண்டியதில்லை. தாகத்தோடு வந்த ஒருவன் கையால் அள்ளிக் குடித்துவிட்டு இட்ட பெயர் அது. அந்தப் பெயர் நிலைபெற்று, சிங்களத்துக்கும் சென்று, அந்த மொழியின் முடிவைப் பெற்று நல்லதன்னிய ஆயிற்று. ஓர் அறிவித்தல் பலகையில் அதே சொல்லைச் சிங்களத்திலிருந்து மீண்டும் தமிழ் எழுத்தில் பெயர்த்து ‘நல்லதன்னிய’ என்றே எழுதியிருந்ததை நான் கண்டேன். மூன்றுசுழி ணகரம் இருந்த இடத்தில் இரண்டுசுழி னகரம் நிற்கிறது. எழுத்தில் ஒரு சுழிதான் குறைந்தது, அந்தச் சொல்லிலிருந்து தண்ணீர் முழுவதும் வடிந்துபோயிற்று. அண்டையிலுள்ள சாமிமலைக்கும் இதே கதி: சாமியின் பாதம் இருக்கும் மலையைப் பார்த்து இட்ட பெயர், ‘சாமிமலே’ என்றாகி, மலையை இழந்து நிற்கிறது.

அந்த மலையையே பாருங்கள். 7,359 அடி உயரமான அந்தச் சிகரத்தின் உச்சிப் பாறையிலுள்ள ஒரே சுவட்டைச் சைவர் சிவனுடைய பாதமென்றும், பௌத்தர் புத்தருடைய பாதமென்றும், இஸ்லாமியர் ஆதம் நபியுடைய பாதமென்றும் போற்ற, கிறிஸ்தவருள் சிலர் அர்ச். தோமையாரை நினைவுகூர்ந்தனர். உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரையிலும் இரவெல்லாம் விளக்கெரியும் அந்தப் படிகளில் ஒருவர் மற்றவரைப் பெயர் மாற்றிச் சொல்லும்படி வற்புறுத்தி நான் கேட்டதில்லை. பாதத்தின் பெயரில் காட்டும் இந்தப் பெருந்தன்மையை, அடிவாரத்துப் பலகைகளில் நாம் ஏன் காட்டுவதில்லை?

ஏட்டில் இல்லாத பெயர்களைத் தேடி ஒரு பிரிவுக்குப் போயிருந்தேன். எண்பது வயதைக் கடந்த ஓர் அம்மாயி, பிள்ளைமடுவத்துத் திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர், எனக்கு வழிகாட்ட எழுந்தார். நான் நோட்டுப்புத்தகத்தில் ‘கீழ்ப்பிரிவு’ என்று எழுதி வாசித்துக் காட்டினேன். “அப்புடிச் சொன்னா இங்க யாருக்குங்க தெரியும், மாஸ்டர்? பணியக்கணக்குன்னு எழுதுங்க” என்றார். எழுதினேன். பின்பு ஒவ்வொன்றாக: மேட்டுலயம், தொங்கல் லயம், எட்டாம் நம்பர் மலை, பழைய ஸ்டோருக்குப் பக்கத்தில் ரோதைமுனி நிற்கிற கல். தொழிற்சாலையின் பெருஞ்சக்கரமாகிய ரோதையைச் சுழலவைத்த சக்தியை முனியாக்கிக் கும்பிட்ட இந்தப் பெயரில், டச்சுச் சொல்லோ போர்த்துக்கீசச் சொல்லோ ஒன்றும், தமிழ்நாட்டு எல்லைத் தெய்வம் ஒன்றும் கைகோத்துக்கொண்டு நிற்கின்றன. கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி உண்டென்றும் சொன்னார். கிறிஸ்தவனாகிய என்னிடம் இதைச் சொல்ல அவர் தயங்கவுமில்லை, எழுத நான் தயங்கவுமில்லை.

அந்தப் பாதையில் ஒரு வளைவு வந்தது. கானின் ஓரத்தில் ஒரு சவுக்குமரம்; அதற்கப்பால் சரிவு. அந்த முடுக்கு ஒரு பெண்ணின் பெயரால் வழங்குகிறது. மழை நாளொன்றில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து மாண்டவளாம். அம்மாயியின் தாயார் அவளைக் கண்டிருக்கிறாராம். பங்கின் ஏடுகளில் அவளைத் தேடினேன்; இல்லை. தொழிலாளர் பெயரெழுதிய தோட்டத்துப் பழைய செக்ரோல்கள் எப்போதோ எரிக்கப்பட்டுவிட்டன. கல்லறை தேயிலையின்கீழ் மறைந்துவிட்டது. அவள் இவ்வுலகில் இருந்தாள் என்பதற்கு அந்த வளைவைத் தவிர வேறு சான்று கிடையாது. அவளுடைய சந்ததியார் எங்கோ இருக்கக்கூடுமாதலால் அப்பெயரை இங்கே அச்சிடாமல் அட்டவணையில் மட்டும் எழுதினேன். எழுதும்போது அம்மாயி கிட்ட வந்து குனிந்து பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. “எழுதிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு பொருளுண்டென்பதை மலைநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் நின்று, நாள் முழுவதும் வேலை செய்து, கேட்ட கொழுந்தைக் கொடுத்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஒரு நாள் சம்பளத்துக்கே பெயர் ‘பேர்’. வேலையிலிருந்து நீக்கினால் ‘பேர் வெட்டியாச்சு’ என்பார்கள். மாலையில் மடுவத்து நிறுவையின் முன்னே நின்று, “இன்னிக்கும் அரைப்பேர்தான்” என்று சொல்லிக்கொண்டு திரும்பும் ஒரு தாயின் வாக்கில், தத்துவ நூல்கள் நாமத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் உடம்பெடுத்து நிற்கக் காண்கிறேன். பாதி உழைத்தவள் பாதிப் பெயருடையவள்! கடல் கடந்து வரும்போது இவர்களுடைய கழுத்தில் தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரத் துண்டு ஒன்று தொங்கிற்று. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதானால் கடன்கணக்கு எழுதிய ‘துண்டு’ வேண்டியிருந்தது. அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிந்தது. இலக்கமும் கடனும் அரைப்பேருமாக வாழ்ந்தவர்கள், தாம் நடந்த ஒவ்வொரு வளைவுக்கும் ஊற்றுக்கும் பாறைக்கும் முழுப் பெயர் இட்டார்கள்.

எழுத்துப் பிசகு என்பது எங்களுக்குப் பண்டிதர் சண்டை அன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இம்மக்களின் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டு வந்த சட்டத்தின்படி பிரஜாவுரிமை கேட்டவர்கள், 1946ஆம் ஆண்டு தொடக்கத்துக்கு முன் ஏழு வருஷமோ, விவாகமாகாதவராயின் பத்து வருஷமோ, இடையறாது இங்கே வசித்தவர்களென்று நிரூபிக்க வேண்டியிருந்தது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுச் செய்யப்பட்டது. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கே. என் தகப்பனாரும் மனுச் செய்தவர்தாம். அவருடைய செக்ரோல் சான்றில் டல்ஹவுசி என்றும், ஞானஸ்நானச் சான்றில் நல்லதண்ணி என்றும் இருந்தது. இரண்டும் ஒரே இடமென்று அவர் சொன்னதை, விசாரித்த உத்தியோகஸ்தர் ஏற்கவில்லை. இரண்டு இடமாயின் இடையறாத வாசம் எங்கே என்று கேட்டாராம். துரையின் கடிதம் வாங்கிக்கொண்டு என் தகப்பனார் மூன்று முறை நடந்தார். தமையனாராகிய என் பெரியப்பாவுக்கு அந்தக் கடிதமும் கிடைக்கவில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபரில் இரு நாட்டுப் பிரதமராயிருந்த சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கென்று கணக்கிட்டபோது, அந்தக் கணக்கில் அவரும் அடங்கி, நீலகிரியின் தேயிலைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவரை ‘சிலோன்காரர்’ என்றார்கள். கடைசிவரையில் அவர் எழுதிய கடிதங்களில் “நம்ம நல்லதண்ணியில் மழை எப்படி?” என்ற வரி இல்லாத கடிதம் கிடையாது.

மிலிந்த மன்னன் நாகசேனரிடம் அவருடைய பெயரைக் கேட்டபோது, நாகசேனன் என்பது வெறும் வழக்கு, அதற்குள்ளே ஓர் ஆள் இல்லை என்று அந்தப் பிக்கு விடையிறுத்ததை என் சிங்கள நண்பர் ஒருவர் எனக்கு நினைவூட்டினார். பெயரின்மேல் இவ்வளவு பற்று வைப்பது பந்தமல்லவா என்பது அவருடைய பிரியமான ஆட்சேபம். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. எல்லாம் உடையவன் பெயரைத் துறப்பது ஞானம்; ஆனால் ஓர் அங்குல நிலமும் சொந்தமில்லாதவனுக்கு, தான் படுத்த காம்பிராவும் தோட்டத்தாருக்குச் சொந்தமாயிருந்தவனுக்கு, அந்த நிலத்தை அழைக்கும் ஒரு சொல்தான் இருந்த ஒரே ஆஸ்தி. அதையும் துறக்கச் சொல்லுவதற்குமுன் நாம் சற்றுத் தயங்க வேண்டும்.

இந்த விசாரத்தில் உழன்றுகொண்டிருந்த ஒரு நாள் இரவு, ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசிக்க நேர்ந்தது. ஆயிரம் முறை வாசித்த அதிகாரம். மனிதனைப் பண்படுத்தவும் காக்கவும் ஆண்டவர் அவனை வைத்த இடத்துக்கு நம் வேதாகமம் இட்டிருக்கும் பெயர் ‘தோட்டம்’ என்பதை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன் போலிருந்தது. அந்தத் தோட்டத்தில் வேலை செய்ய வைக்கப்பட்டவனிடம், தாம் படைத்த ஜீவன்களையெல்லாம் ஆண்டவர் கொண்டுவந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இட்டதே அவற்றின் பெயராயிற்று. படைத்தவர் அவர்; ஆயினும் பெயரிடும் காரியத்தை உழைக்கிறவனிடம் விட்டுவிட்டு, அவன் வாயைப் பார்த்து நின்றார். சங்கேதத்தை உண்டாக்கும் இச்சை யாருடையது என்ற நையாயிகரின் கேள்விக்கு, கிறிஸ்தவனாகிய எனக்கு இதைவிட வேறு விடை தேவைப்படவில்லை.

அதே புத்தகத்தில் இன்னும் போனால், யாக்கோபு கல்லைத் தலையணையாக வைத்து உறங்கிக் கனவு கண்ட இடத்துக்குப் பெத்தேல் என்று பெயரிட்டதும், முன்பு அதற்கு லூஸ் என்று பெயர் இருந்ததென்று வேதம் மறக்காமல் குறித்து வைத்ததும் வருகின்றன. தேவனுடைய வீடு என்ற மகத்தான பெயர் கிடைத்தபின்னும் பழைய லூஸ் அடிபடவில்லை. பின்னர் யாக்கோபும் அவன் மாமன் லாபானும் பிணக்குத் தீர்ந்து, உடன்படிக்கைக்குச் சாட்சியாகக் கற்களைக் குவித்தார்கள். அந்தக் குவியலை லாபான் தன் அரமேய மொழியில் ஜெகர்சகதூதா என்றான். யாக்கோபு தன் எபிரேய மொழியில் கலயெத் என்றான். இரண்டுக்கும் பொருள் சாட்சிக் குவியல் என்பதே. எழுதியவரோ எபிரேயர், மாமனுடைய அந்நிய மொழிப் பெயரை விட்டுவிட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப்போவதில்லை. அவர் இரண்டையும் எழுதினார். மாமன் சொன்னதை முதலிலும், தம் முன்னோன் சொன்னதைப் பின்பும் எழுதினார். ஒரு குவியலில் இரண்டு பெயரும் சாட்சியாய் இருப்பதுதான் உடன்படிக்கை என்று அவர் அறிந்திருந்தார் போலும்.

ஆகவே சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அட்டவணையின் பத்திகளை மாற்றி வரைந்தேன். முதற்பத்தியில், அந்த இடத்தில் வாழ்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசும்போது சொல்லுகிற பெயர், அவர்கள் உச்சரிக்கிறபடியே. அடுத்ததில் சிங்களப் பெயர், தெரிந்தவரையில் அதன் வேரோடு. அதற்கடுத்து ஆங்கிலப் பெயர். பின்பு ஏடுகளில் கண்ட எழுத்து வேறுபாடுகள் யாவும், எந்த ஆண்டு ஏட்டில் என்ற குறிப்புடன். மரே, மறே, மொரே, மோரே நான்கும் இடம்பெற்றன. ஹட்டன் என்பதா அட்டன் என்பதா என்று வடவெழுத்தைப் பற்றி வந்த வழக்கிலும் இரண்டையும் எழுதிவிட்டேன். பங்குத்தந்தை ஆரம்பத்தில் அதிருப்திப்பட்டார். சான்றிதழ் எழுதும்போது ஒரு பெயர் வேண்டுமே என்றார். சான்றிதழில் முதற்பத்திப் பெயரை எழுதி, மற்றதை ‘என்கிற’ என்று சேர்த்துக்கொள்ளலாமென்று சொன்னேன். என் தகப்பனாருடைய கதையையும் சொன்னேன். அதன்பின் அவர் மறுக்கவில்லை.

மஸ்கெலியாவின் வரிதான் எனக்குப் பெரிய தொல்லை கொடுத்தது. 1960களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கம் நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. மேட்டில் புதிய நகரம் எழுந்தது. பெயர் ஜனங்களோடு மேலேறி வந்துவிட்டது. ஆனால் வறட்சி மிகுந்த மாதங்களில் நீர் இறங்கும்போது, சேறு படிந்த கோயிலும் பழைய கட்டடங்களின் இடிபாடுகளும் தலை காட்டுகின்றன. மக்கள் இறங்கிப் போய்க் கற்பூரம் ஏற்றுகிறார்கள். “மஸ்கெலியாவுக்குப் போயிட்டு வர்றோம்” என்று, மஸ்கெலியாவில் நின்றுகொண்டே சொல்லுகிறார்கள். 1960க்கு முற்பட்ட ஞானஸ்நானங்களில் வரும் மஸ்கெலியா எது? அந்த வரியை இரண்டாகப் பிரித்து, இரண்டுக்கும் ஒரே பெயரை எழுதினேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்தபின் ஒரு பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். பதிவேட்டில் எழுத நான் உட்கார்ந்திருந்தேன். பத்தியின் தலைப்பு பழைய வழக்கப்படி ‘ஊர்’ என்றிருக்கிறது. “என்ன ஊரம்மா?” என்று பங்குத்தந்தை கேட்டார். குழந்தையை ஏந்தியிருந்த பாட்டி முந்திக்கொண்டு, “துறையூர்ப் பக்கமுங்க, சாமி” என்றார். தகப்பன் கூச்சத்தோடு, “டல்ஹவுசி, ஃபாதர்” என்றான். தாய் இருவரையும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், “நல்லதண்ணி” என்றாள். அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை. சற்றுப் பொறுக்கும்படி பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு, அடிமட்டத்தை எடுத்துக் கீழே இன்னும் இரண்டு கோடு இழுத்தேன்.